விமானத்தில் படம் காட்டுகிறவர்களுக்கு: கொஞ்சம் காதையும் கவனியுங்கள்

விமான நிறுவனங்களில் பயணிகளுக்கான படம், பாட்டு ஏற்பாடுகளைப் பார்க்கும் பிரிவினருக்கும், இருக்கைத் திரைகளைச் செய்து தருகிறவர்களுக்கும், படங்களை விமானத்துக்கு ஏற்ற வடிவத்தில் மாற்றித் தரும் லேப்களுக்கும்

வணக்கம்.

நான் சென்னையில் சினிமாவுக்கு ஒலிக்கலவை செய்கிறவன். ஒரு பாத்திரம் முணுமுணுப்பது தியேட்டரின் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும், கேட்டாலும் அது முணுமுணுப்பாகவே இருக்க வேண்டும். இதற்காக ஒரே காட்சியோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுவது எங்கள் தொழில். அப்படிச் செதுக்கிய படங்கள் உங்கள் இருக்கைத் திரையில் ஓடும்போது பாதி வசனம் காதில் விழுவதே இல்லை. திரை வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிறது, படம் பளிச்சென்று ஆகிறது, அதை விளம்பரத்திலும் போடுகிறீர்கள். ஒலியைப் பற்றி ஒரு வரி கூட வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தைப் பற்றிய புகார் இல்லை இது. நான் ஏறிய விமானங்களில் கூடக்குறைய எல்லாவற்றிலும் இதே கதைதான்.

முக்கியமாகக் கேட்பது ஒன்று. விமானம் ஓயாமல் இரைகிற இடம். அந்த இரைச்சலுக்குத் தகுந்தபடி ஒலியைத் தயார் செய்து கொடுங்கள். வால்யூம் பட்டன் இருக்கிறதே, வேண்டுமானால் ஏற்றிக்கொள்ளட்டும் என்று பயணியின் காது மேல் அந்த வேலையைத் தள்ளிவிடாதீர்கள்.

உயரத்தில் சீராகப் பறக்கும்போது கேபினுக்குள் இரைச்சல் பெரும்பாலும் 75-லிருந்து 85 டெசிபல் வரை இருக்கும். ஏர்பஸ் ஏ350, போயிங் 787 போன்ற புதிய விமானங்களில் குறைவு. பழைய விமானங்களில், அதுவும் இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் வரிசைகளில், அதிகம். இதில் இன்ஜினின் சத்தம் ஒரு பங்குதான். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் விமானத்தின் உடம்பை உரசிக்கொண்டு போகும் காற்று, தலைக்கு மேலே ஏசி குழாய்களில் ஓடும் காற்று எல்லாம் சேர்ந்துதான் அந்த ஓயாத 'ஹோ'. அதில் கீழ்ச்சுருதிச் சத்தம் கனமாக இருக்கும். கீழ்ச்சுருதிக்கு ஒரு குணம் உண்டு: தன் அளவில் இருப்பதை மட்டும் மூடாது, தனக்கு மேலே உள்ள சுருதிகளையும் சேர்த்து அமுக்கும்.

கர்நாடக சங்கீதம் போட்டுக் கேட்டால் இது உடனே புரிந்துவிடும். மிருதங்கத்தில் இடப்பக்கமான தொப்பியில் எழும் கனத்த கும்கி ஒலி இருந்த இடமே தெரியாது. வலந்தலை மட்டும் தகரத்தில் தட்டின மாதிரி 'டிங் டிங்' என்று வந்துகொண்டிருக்கும். தம்பூரா சுத்தமாகக் காணாமல் போகும். பாடுகிறவர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்பதே கேட்பவருக்குத் தெரியாது. எத்தனை பெரிய வித்வானின் கச்சேரியைப் பட்டியலில் வைத்தாலும் சரி, இந்த நிலையில் அது அவருடைய கச்சேரி இல்லை.

வசனத்துக்கும் இதே கதிதான். பேச்சில் உயிரொலிகளுக்குத் தெம்பு அதிகம், மெய்யொலிகள் மெலிசு. ஆனால் ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் வேலையில் பெரும்பங்கு மெய்களுடையது. இரைச்சலில் முதலில் அமுங்குவதும் அவைதான். அதனால்தான் யாரோ பேசுகிறார்கள் என்பது தெரிகிறது, என்ன பேசுகிறார்கள் என்பது தெரிவதில்லை. வயதானவர்களுக்கு மேல்சுருதி கேட்கும் திறன் ஏற்கெனவே தேய்ந்திருக்கும். உங்கள் விமானத்தில் அவர்கள் பாடுதான் எல்லாரையும் விடத் திண்டாட்டம்.

சரி, அப்போது பயணி என்ன செய்வார்? வால்யூமை ஏற்றுவார், வேறென்ன செய்ய முடியும்? சுற்றிலும் 80 டெசிபல் இரையும்போது வசனம் தெளிவாகக் கேட்க வேண்டுமென்றால் காதுக்குள் ஒலி 90-ஐ நெருங்கிவிடும். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து 2019-இல் அறிவித்த தரநிலைப்படி, பெரியவர்கள் வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் கேட்கலாம். குழந்தைகளுக்கு 75 டெசிபலில் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 90 டெசிபலில் ஒரு பெரியவருக்கு வாரம் முழுவதற்குமே சுமார் 4 மணி நேரம்தான். ஒன்றரைத் தமிழ்ப் படம். அதே 90 டெசிபலில் ஒரு குழந்தைக்கு ஒன்றேகால் மணி நேரம். சென்னையிலிருந்து லண்டன் வரை கார்ட்டூன் பார்த்துக்கொண்டே போகும் ஒரு சிறுவனை நினைத்துப் பாருங்கள். பெற்றோர் அசந்து தூங்கும் நேரத்தில் அவன் வால்யூமை எங்கே வைத்திருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்? குழந்தைகளுக்கான பிரிவில் உச்ச அளவுக்கு ஒரு கட்டுப்பாடு வையுங்கள். ஆனால் வெறும் கட்டுப்பாடு மட்டும் போட்டால் அவனுக்கு ஒன்றுமே கேட்காது. முதலில் ஒலி சரியாக இருக்க வேண்டும். நான் திரும்பத் திரும்ப அங்கேயே வந்து நிற்பதற்குக் காரணம் இதுதான்.

இனி என் தொழில் பக்கம். தியேட்டருக்குக் கலவை செய்யும்போது மெல்லிய பேச்சுக்கும் வெடிச்சத்தத்துக்கும் இடையில் பெரிய இடைவெளி விட்டுவைப்போம். கதவடைத்த, அமைதியான அரங்கில் அந்த இடைவெளிதான் படத்துக்கு உயிர். விமானத்தில் அதன் கீழ்ப்பகுதி முழுக்க இரைச்சலுக்குள் மூழ்கிவிடுகிறது. வசனத்துக்காக ஏற்றினால் சண்டைக் காட்சியில் காது கிழிகிறது. இறக்கினால் அடுத்த வசனம் போச்சு. படம் முடியும்வரை விரல் வால்யூம் பட்டன் மேலேயே இருக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. 5.1 எனப்படும் ஆறு சேனல் ஒலியில் வசனம் பெரும்பாலும் நடுச் சேனலில் தனியாக இருக்கும். ஹெட்போனுக்காக அதை இரண்டு சேனலாக மடக்கும்போது, அந்த நடுச் சேனலை இடது வலது இரண்டிலும் சரியான அளவில் கலக்க வேண்டும். யாரும் உட்கார்ந்து கேட்காமல் மெஷினில் போட்டு எடுத்தால், சுற்றுச் சேனல்களின் சத்தமும் பின்னணி இசையும் முன்னால் வந்து வசனம் பின்னால் போய்விடும். பாட்டு அட்டகாசமாகவும் பேச்சு மட்டும் எங்கோ தள்ளியும் ஒலித்த படங்களை விமானத்தில் கேட்டிருக்கிறேன். அவற்றில் சிலவற்றின் தியேட்டர் கலவை எப்படி இருந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அங்கே பழுது இல்லை.

இதற்கெல்லாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். வீட்டு ஆம்ப்ளிஃபையர்களில் 'நைட் மோட்' என்று ஒரு வசதி இருக்கிறதே, ராத்திரியில் வெடிச்சத்தத்தைத் தணித்து மெல்லிய பேச்சைத் தூக்கிக் கொடுக்கும், அது டிவிடி காலத்திலிருந்தே இருக்கிறது. ஒலி காதுக்கு எவ்வளவு உரக்கத் தெரிகிறது என்று அளக்கும் முறையைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-லேயே வகுத்துவிட்டது. அதை வைத்து எல்லா நிகழ்ச்சிகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஐரோப்பிய ஒளிபரப்பாளர்கள் ஒன்றியம் 2010-இல் பரிந்துரைத்தது. அமெரிக்காவில், டிவி விளம்பரம் நிகழ்ச்சியை விட உரக்கக் கத்தக் கூடாது என்று அதே வருஷம் சட்டமே போட்டார்கள். விமானத்திலோ, படத்துக்கு முன்னால் வரும் விளம்பரம் காதில் அறைகிறது, படம் ஆரம்பித்ததும் ஒன்றும் கேட்பதில்லை, ஏற்றி வைக்கிறோம், அடுத்து வேறு படத்துக்குப் போனால் மறுபடி விளம்பரம் அறைகிறது. ஒரே ஒரு அளவுக்கு எல்லாக் கோப்புகளையும் கொண்டுவருவது ஒரு லேபுக்கு மிகச் சாதாரண வேலை. அதற்கு மேலே போய், விமானத்துக்கென்றே ஒரு கலவை செய்வது இன்னும் நல்லது: வசனம் முன்னால், வெடி அடக்கமாக, கீழ்ச்சுருதியில் வீணாகச் சக்தியைக் கொட்டாமல். டிவிக்கு, ஓடிடிக்கு என்று தனித்தனியாக ஏற்கெனவே செய்து கொடுக்கிறோம். விமானத்துக்கு என்று கேட்டு யாரும் எங்களிடம் வந்ததில்லை.

அடுத்தது ஹெட்போனைச் செருகும் சாக்கெட். அமெரிக்காவில் மகளின் பிரசவத்துக்காகப் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மா ஒருமுறை என் பக்கத்து இருக்கையில் இருந்தார். பழைய தமிழ்ப் பாட்டுகளைப் போட்டுவிட்டுச் சிறிது நேரம் கேட்டவர், ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "தம்பி, இதுல வெறும் மியூசிக்தான்பா வருது. பாடறவங்கள காணோம்."

வாங்கிக் கேட்டேன். அவர் சொன்னது அப்படியே உண்மை. வயலின்கள் இருந்தன, கிடார் இருந்தது, பாடுகிறவரின் எதிரொலி எங்கோ பின்னால் இருந்தது, குரல் மட்டும் இல்லை. காரணம் இதுதான்: ஹெட்போனின் பின் முழுசாக உள்ளே இறங்காமலோ சாக்கெட் தளர்ந்தோ இருந்தால், இடது வலது இரண்டுக்கும் பொதுவாக மின்சாரம் திரும்பிப் போகும் தரை இணைப்பு விட்டுப்போகும். அப்போது ஹெட்போனுக்குக் கிடைப்பது இடது சேனலுக்கும் வலது சேனலுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். இரண்டிலும் சமமாக இருப்பது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். பாடகரின் குரலை நாங்கள் நடுவில்தான் வைப்போம், அதாவது இரண்டிலும் சமமாக. ஆகவே முதலில் போவது அவர். அடுத்து வந்தது பழைய மோனோ பாட்டு. அதில் இரண்டு பக்கமும் ஒன்றுதானே, மொத்தமாகவே சத்தம் நின்றுவிட்டது. "போச்சு, இதுவும் போச்சு" என்றார் அந்த அம்மா.

பின்னைத் திருகி அழுத்திப் பிடித்தால் குரல் வந்தது, விட்டால் போனது. பணிப்பெண் வந்து பார்த்தார். வேறு ஹெட்போன் கொடுத்தார். அதிலும் அதேதான். இருக்கைகள் நிறைந்திருந்தன, மாற்றி உட்காரவும் வழியில்லை. கடைசியில் அந்த அம்மா தன் போர்டிங் பாஸை நான்காக மடித்து, பின்னுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் செருகி வைத்தார். ஒவ்வொரு முறை அசையும்போதும் அதைச் சரிசெய்துகொண்டே கேட்டார். பணிப்பெண் மேல் எனக்குக் கோபமே இல்லை, அவரால் முடிந்ததைச் செய்தார். ஆனால் அந்த சாக்கெட் அன்றைக்கு மட்டும் கெட்டுப்போனது இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

திரை கறுத்துப்போனால் போகிறவர் வருகிறவர் கண்ணில் எல்லாம் படும். சாக்கெட் தளர்ந்தால் அதில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான் தெரியும். அவர்களிலும் முக்கால்வாசிப் பேர் சொல்ல மாட்டார்கள், தனக்குத்தான் பயன்படுத்தத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு பேசாமல் தூங்கிவிடுவார்கள். ஆகவே விமானம் தரையில் நிற்கும்போது திரையைச் சோதிப்பது போலவே ஒவ்வொரு சாக்கெட்டிலும் ஒரு ஹெட்போனைச் செருகி, இடது, வலது, நடு என்று மூன்று சொல் சொல்லும் ஒரு சோதனைக் கோப்பைக் கேட்கச் சொல்லுங்கள். பழைய இரட்டைப் பின் சாக்கெட்டுகளில் ஒரு துளை தேய்ந்தால் ஒரு காது அவுட். ஸ்டீரியோவில் பதிந்த பாட்டில் பாதி வாத்தியங்கள் அதோடு போயின. எளிதில் கழற்றி மாற்றக்கூடிய சாக்கெட்டாக, தொடை இடிக்காத இடத்தில் வைத்து, அடுத்த இருக்கைகளையாவது வடிவமைக்கலாம்.

அறிவிப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். விமானி பேசும்போதும் பாதுகாப்பு விஷயம் சொல்லும்போதும் படம் நின்று அந்தக் குரல் ஹெட்போனுக்குள் வர வேண்டும், உரக்கவே வர வேண்டும். இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வாசனைத் திரவிய விற்பனைக்கும் கிரெடிட் கார்டு விளம்பரத்துக்கும் அதே வழி, அதே சத்தம் ஏன்? நான் வைத்திருக்கும் வால்யூமுக்குச் சம்பந்தமே இல்லாமல் திடீரென்று பாயும் குரல், அரைத்தூக்கத்தில் இருக்கும் ஒரு பெரியவரைத் தூக்கிவாரிப்போட வைக்கிறது. இதை நேரில் பார்த்திருக்கிறேன். அவசர அறிவிப்பு, சாதாரண அறிவிப்பு, விற்பனை மூன்றையும் பிரியுங்கள். விற்பனையை ஹெட்போனுக்குள் விடவே வேண்டாம்.

ஹெட்போன் கதை கொஞ்சம் பழையது. அறுபதுகளில் விமானத்தில் வாடிக்கையாகப் படம் போட ஆரம்பித்தபோது, காதில் மாட்டுவது டாக்டரின் ஸ்டெதஸ்கோப் வடிவத்தில் வெறும் காற்றுக்குழாய்தான். ஸ்பீக்கர் கைப்பிடிக்குள் இருக்கும், ஒலி குழாய் வழியாக வரும். பிறகு மின் ஹெட்போன் வந்தது. 1978-இல் சூரிச்சிலிருந்து பாஸ்டன் போய்க்கொண்டிருந்த அமர் போஸ், அமெரிக்காவின் எம்ஐடி பேராசிரியர், வங்காளத்திலிருந்து போன சுதந்திரப் போராட்ட வீரரின் மகன், விமானத்தில் கொடுத்த ஹெட்போனை மாட்டிப் பார்த்தார். இன்ஜின் இரைச்சலில் இசையை ரசிக்க முடியவில்லை. அந்தப் பயணத்திலேயே உட்கார்ந்து, இரைச்சலுக்கு நேர் எதிரான ஒலியலையைக் கொடுத்து அதை அழிக்க முடியுமா என்று கணக்குப் போட ஆரம்பித்தார். 1989-இல் அவருடைய நிறுவனம் விமானிகளுக்கான ஹெட்செட்டாக அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது, 2000-இல் பயணிகளுக்கும் வந்தது. ஆக, இன்று உலகமே மாட்டிக்கொண்டு திரியும் அந்தத் தொழில்நுட்பத்துக்கு விதை போட்டது உங்கள் கேபின்தான். அப்படியிருக்க, எகானமி வகுப்பில் பிளாஸ்டிக் உறையில் வைத்துத் தருகிற ஹெட்போன் இன்னும் காதைச் சரியாக மூடக்கூட மூடுவதில்லை. பிசினஸ் வகுப்பில் இரைச்சல் நீக்கும் ஹெட்போன் தருகிறீர்கள், எல்லாருக்கும் அதைத் தாருங்கள் என்று கேட்க மாட்டேன். காதைச் சுற்றி நன்றாக மூடும் மெத்தை வைத்த, பேச்சுக்குரிய சுருதிகளைத் தெளிவாகத் தருகிற சாதாரண ஹெட்போன் போதும். நன்றாக மூடினாலே வால்யூமை அவ்வளவு ஏற்ற வேண்டியிருக்காது.

'சொந்த ஹெட்போன் கொண்டுவாருங்கள், ப்ளூடூத் வைத்துவிட்டோமே' என்று இப்போது பதில் வருகிறது. நல்ல வசதிதான். இணைக்கும்போது ஒலி கொஞ்சம் பிந்தும், அதற்கேற்றபடி படத்தையும் அதே அளவு பிந்த வைக்க வேண்டும். ஒலி 125 மில்லி விநாடி பிந்தினாலே மனிதர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது ஒளிபரப்புத் துறைக்காரர்கள் சோதித்து எழுதி வைத்த கணக்கு. ஆனால் போர்டிங் பாஸை மடித்துச் செருகிய அந்த அம்மாவிடம் ப்ளூடூத் ஹெட்போன் இல்லை. துபாய்க்கும் தோஹாவுக்கும் வேலைக்குப் போகிற நம் ஆட்கள் பலரிடமும் இருக்காது. இருக்கிறவர்களுக்கும் மோசமான கலவை ப்ளூடூத்தில் மோசமாகத்தான் கேட்கும்.

விமானத்தில் எதையும் சட்டென்று மாற்ற முடியாது என்பது எனக்குத் தெரியும். 1998 செப்டம்பரில் கனடா கடலோரம் விழுந்த சுவிஸ்ஏர் 111-இல் 229 பேர் இறந்தார்கள். தீ தொடங்கியதாகக் கருதப்பட்ட இடத்தில், கேளிக்கைக் கருவிக்குப் போன மின்கம்பியிலும் மின்பொறி பாய்ந்த தடயம் இருந்ததைக் கனடாவின் விசாரணை காட்டியது. ஒரு வயரை மாற்ற ஆயிரம் அனுமதி கேட்பதில் நியாயம் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அதனால்தான் இங்கே நான் முக்கியமாகக் கேட்பது எதுவும் வயரைத் தொடுவதில்லை. கலவை லேபில் நடக்கிற வேலை. ஒலியளவைச் சமன் செய்வது கோப்பில் நடக்கிற வேலை. அறிவிப்பைப் பிரிப்பது மென்பொருள். சாக்கெட் சோதனைக்கு வேண்டியது கொஞ்சம் நேரமும் ஓர் ஆளும்.

அப்புறம், தமிழ்ப் படங்களுக்குத் தமிழிலேயே சப்டைட்டில் போடுங்கள். நான் பார்த்தவரை ஆங்கிலம்தான் இருக்கிறது. காது மந்தமான ஒரு தாத்தாவுக்கு ஆங்கில எழுத்தால் என்ன பயன்? அவர் தினத்தந்தியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறவர். தமிழில் போட்டால் படித்துக்கொண்டே படம் பார்த்துவிடுவார்.

அடுத்த தொகுதிப் படங்களுக்கு ஒப்புதல் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். அலுவலகத்தில் நல்ல ஹெட்போனில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். பறந்துகொண்டிருக்கும் விமானத்தில், இறக்கைக்குப் பின்னால் ஓர் எகானமி இருக்கையில் உட்கார்ந்து, நீங்கள் எல்லாருக்கும் கொடுக்கிற அதே ஹெட்போனை மாட்டி, உங்களுக்குத் தெரிந்த மொழியில் ஒரு படத்தைச் சப்டைட்டில் இல்லாமல் முழுசாகப் பாருங்கள். எங்கெங்கே வசனம் போகிறது, எங்கெங்கே வால்யூமைத் தொட்டீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பை எங்களிடம் கொடுத்தால், படத்தின் தயாரிப்பாளர் அனுமதியோடு விமானத்துக்கென்று ஒரு கலவை செய்து தர சென்னையில் ஆள் இருக்கிறோம். ஒரே ஒரு தமிழ்ப் படத்தை முதலில் எடுத்துச் செய்து பார்ப்போம் என்றால், நான் வருகிறேன், என்னோடு வேலை செய்கிறவர்களையும் கூட்டி வருகிறேன்.

அன்புடன்,
ஓர் ஒலிக்கலவையாளர்,
சென்னை